பழைய டூ-இன்-ஒன் செட் தேடி வாங்குவது எப்படி: கடையில் நின்றபடியே சோதிக்க ஒரு வரிசை

பழைய பொருள் கடையில் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் செட் ஒன்று கண்ணில் பட்டதும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கேசட்டைப் போட்டு பிளே பட்டனை அமுக்குகிறார்கள். பாடவில்லை என்றால் வைத்துவிட்டு நகர்கிறார்கள், பாடினால் உடனே பணத்தை எடுக்கிறார்கள். இரண்டுமே நஷ்டம். பாடாத செட்டுக்குப் பல நேரம் ஒரு ரப்பர் பெல்ட் மாற்றினால் போதும். பாடுகிற செட்டில் பேட்டரி மூடியும் இரண்டு குமிழ்களும் காணாமல் போயிருந்தால், அவற்றைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

கெட்டுப்போனதைச் சரிசெய்துவிடலாம், தொலைந்துபோனதைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது: முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு மின்சாரம், பிறகு ரேடியோ, டேப் கடைசியில்.

1. எந்த வகை வேண்டும் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்

கடையில் நின்று யோசித்தால் பார்க்கப் பெரிதாக, பளபளப்பாக இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

1970களின் கடைசியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை வந்த ஸ்டீரியோ செட்டுகள் பொதுவாகக் கனமானவை. டேப் ஓட்டும் பகுதியில் உலோகம் அதிகம், திருகுகளைக் கழற்றினால் பின்பக்கம் அப்படியே கழன்று வரும். பிறகு வந்தவற்றில் பிளாஸ்டிக் கூடிக்கொண்டே போனது. சிடி பிளேயர் சேர்ந்த செட்டுகளில் லேசர் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, அதற்குப் பொருத்தமான மாற்று லேசர் கிடைப்பதும் சிரமம்.

முதல் செட்டுக்கு என் பரிந்துரை: நடுத்தர அளவு, ஒற்றை கேசட், இரண்டு அல்லது நான்கு ஸ்பீக்கர். இரட்டை கேசட் செட்டில் டேப்பை இழுக்கும் ரப்பர் ரோலர், டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட், மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் பெல்ட் எல்லாம் இரண்டு தடவை. ஒரு பெல்ட்டை மாற்ற முழு இயந்திரத்தையும் வெளியே எடுக்க வேண்டி வரும்.

ஜேவிசி ஆர்சி-எம்90, ஷார்ப் ஜிஎஃப்-777, கோனியன் சி-100எஃப் போன்ற, சேகரிப்பவர்கள் தேடும் செட்டுகளின் பெயர்களை விற்பவர்களும் போனில் தேடிப் பார்த்துத் தெரிந்து வைத்திருப்பார்கள். அவற்றை மலிவாகப் பிடிக்க முடியும் என்ற நம்பிக்கையில் மற்றவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். நேஷனல் பானாசோனிக், சான்யோ, ஹிட்டாச்சி, பிலிப்ஸ், ஷார்ப் ஆகியவற்றின் அதிகம் பேசப்படாத நடுத்தர செட்டுகளில் நல்ல ஒலி இருக்கிறது, அவற்றுக்குப் போட்டியும் குறைவு.

2. பையில் என்னென்ன இருக்க வேண்டும்

பேட்டரி முதலில். பெரிய செட்டுகள் டி அளவு பேட்டரியில் ஓடும். ஆறு போட்டால் 9 வோல்ட், எட்டு போட்டால் 12 வோல்ட். அத்தனை டி பேட்டரியைச் சுமந்து நடப்பது கஷ்டம் என்பதால், ஏஏ பேட்டரியை டி அளவாக மாற்றும் பிளாஸ்டிக் உறைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு அது தாராளமாகப் போதும்.

கேசட் இரண்டு. ஒன்று போனால் போகட்டும் என்று விடக்கூடியது. இன்னொன்று உங்களுக்கு நன்றாகப் பழக்கமான, நீண்டு ஒலிக்கும் சுரங்கள் உள்ள இசை. புல்லாங்குழலோ பியானோவோ இருந்தால் வேகம் ஆடுவது உடனே காதில் படும், தாளவாத்தியம் நிறைந்த பாட்டில் அது மறைந்துவிடும். இரண்டுமே 60 நிமிடக் கேசட்டாக இருக்கட்டும். 90, 120 நிமிடக் கேசட்டுகளில் டேப் மெல்லியது, பழைய இயந்திரம் எளிதில் இழுத்துச் சுருட்டிவிடும்.

இவற்றோடு 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன், எட்டு வடிவ முனையுள்ள மின்கம்பி, சிறிய டார்ச், பஞ்சு சுற்றிய குச்சிகள், ஒரு துணி, ஒரு பென்சில். கேசட்டுக்குள் டேப் தளர்ந்து கிடந்தால் பென்சிலால் சுற்றி இறுக்கிய பிறகே செட்டுக்குள் போட வேண்டும். தளர்ந்த டேப்தான் முதலில் ரோலரில் சிக்கும்.

3. எங்கே, எப்போது தேடுவது

நல்ல செட் வேண்டுமென்றால் சந்தை திறக்கும் நேரம், விலை குறைய வேண்டுமென்றால் மூடும் நேரம். கடைக்குள் மின்சாதன அலமாரியோடு நின்றுவிடாதீர்கள். மேசைக்கு அடியிலும், பெட்டி சூட்கேஸ் குவித்த மூலையிலும், விளையாட்டுச் சாமான்களோடும் இவை கிடக்கும். “வேலை செய்யாத டேப் ரெக்கார்டர் ஏதாவது உள்ளே இருக்கிறதா?” என்று கேளுங்கள். வேலை செய்யாது என்பதாலேயே பலர் அதை வெளியே வைப்பதில்லை.

4. மின்சாரம் கொடுக்காமல் பார்க்க வேண்டியவை

அதிக நேரம் இதற்குத்தான் செலவழிய வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்பது பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடும்.

முதலில் தூக்கிப் பாருங்கள். பெரிய உடம்பு, ஆனால் எடையே இல்லை என்றால் உள்ளே காலி இடம்தான் அதிகம். ஸ்பீக்கர் வலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு வட்டம் தெரிந்தாலும் இரண்டு வெறும் பிளாஸ்டிக் அலங்காரமாக இருக்கலாம். உண்மையான ஸ்பீக்கரில் கூம்பும் அதைச் சுற்றிய விளிம்பும் தெரியும். விளிம்பு நுரையால் ஆனதாக இருந்தால் காலப்போக்கில் பொடிந்துவிடும். துணியாலோ மடித்த காகிதத்தாலோ ஆன விளிம்பு நீடித்து நிற்கும்.

முன்பக்கம் யூஎஸ்பி துளையோ மெமரி கார்டு துளையோ இருந்தால் அது பழைய உருவத்தில் செய்த புதிய செட். கேட்க விரும்பினால் வாங்கலாம், பழையது என்று நினைத்து வாங்காதீர்கள்.

அடுத்து தொலைந்தவற்றின் கணக்கு. பேட்டரி மூடி, கேசட் கதவு, எல்லாக் குமிழ்களும், நழுவு பட்டன்களின் தலைகளும், கைப்பிடி, அலைவரிசை எண்கள் அச்சடித்த கண்ணாடி. இதில் ஒன்று குறைந்தாலும் அதே மாடலில் இன்னொரு செட் வாங்கி எடுத்தால்தான் உண்டு. ஆன்டெனா மட்டும் விதிவிலக்கு. உடைந்திருந்தால் பொதுவான ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம், ஆனால் அதன் அடிப்பக்க இணைப்பு உடையாமல் இருக்க வேண்டும்.

பிறகு பேட்டரி அறை. மூடியைத் திறக்காமல் ஒரு செட்டைக்கூட வாங்கக் கூடாது. உள்ளே வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவமோ இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. அது சுருள் கம்பியின் மேல்தட்டில் மட்டும் இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, அந்தச் சுருளிலிருந்து உள்ளே போகும் கம்பி பச்சையாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பச்சைப் படிவம் கம்பி வழியே உள்ளே போயிருந்தால் சர்க்யூட் பலகை வரை அரித்திருக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த செட்டை உதிரிபாகத்துக்காக மட்டும் எடுக்கலாம்.

அறை திறந்திருக்கும்போதே மோந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் எங்கோ ஒரு பாகம் எரிந்திருக்கிறது. பூஞ்சை வாடை வந்தால் ஈரத்தில் கிடந்த செட், ஸ்பீக்கர் காகிதம் ஊறியிருக்கும்.

கடைசியாகப் பின்பக்கத் தகடு. புதியவர்கள் இதைப் படிப்பதே இல்லை. மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது மின்னழுத்தம். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த செட்டில் 100 வோல்ட் என்று மட்டும் இருக்கும். 220 அல்லது 230 வோல்ட் உள்ள இடத்தில் அதை நேரடியாகச் சொருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இரண்டாவது எஃப்எம் எல்லை. பெரும்பாலான நாடுகளில் எஃப்எம் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜப்பான் செட்டில் டயல் 76-லிருந்து 90 வரையில் முடிந்துவிடலாம், அப்போது உங்கள் ஊர் நிலையங்களில் பெரும்பாலானவை அதில் வராது. கிழக்கு ஐரோப்பாவின் பழைய செட்டுகளில் எல்லை இன்னும் கீழே, 65-லிருந்து 74 வரை. டேப் மட்டும் போதும் என்பவருக்கு இது பிரச்சினையே இல்லை.

மூன்றாவது வாட். முன்பக்கம் பெரிய எழுத்தில் நூற்றுக்கணக்கான வாட் போட்டிருப்பார்கள். தகட்டில் செட் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 20 வாட் என்று இருக்கும். எடுத்துக்கொள்வதைவிட அதிகமாக அது தொடர்ந்து வெளியே தர வழியில்லை. தகட்டில் உள்ள எண்ணை நம்புங்கள்.

5. மின்சாரம்: பேட்டரிதான் முதலில்

கடைக்காரர் உடனே மின்கம்பியைத் தேடுவார். பேட்டரி போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த செட்டுக்குள் எந்த நிலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. 9 வோல்ட்டில் கெடுவது குறைவு, உங்கள் கைக்கும் ஆபத்தில்லை.

பேட்டரியில் ஓடவில்லை என்றால் உடனே கைவிடாதீர்கள். பல செட்டுகளில் மின்கம்பி சொருகும் துளைக்குள் ஒரு தொடுதட்டு இருக்கும். கம்பியைச் சொருகினால் அது பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும். அதில் அழுக்கு ஏறினால் பேட்டரி இருந்தும் செட் உயிர்பெறாது. கம்பியின் மறுமுனையைச் சுவரில் சொருகாமல், செட்டின் துளையில் மட்டும் நாலைந்து தடவை சொருகி எடுத்தால் சில நேரம் அதுவே போதும்.

சுவர் மின்சாரத்துக்குப் போகும் முன் பின்பக்கம் 110–220 மாற்றும் திருகு இருக்கிறதா, எதில் நிற்கிறது என்று பாருங்கள். வெளி அடாப்டரில் ஓடும் செட் என்றால் துளைக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல், கழித்தல் படத்தைப் பாருங்கள். பழைய ஜப்பான் செட்டுகள் பலவற்றில் நடு முனைதான் கழித்தல். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை கூட்டல். மாற்றிச் சொருகினால் செட் அங்கேயே செத்துவிடும்.

6. டேப்புக்கு முன் ரேடியோ

ரேடியோவில் மோட்டாரால் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அது நன்றாகப் பாடினால் மின்சாரப் பகுதி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஒலிக் குமிழ் எல்லாம் சரி என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். பிறகு டேப் ஓடாவிட்டாலும் கோளாறு டேப் பகுதியில்தான் என்று தைரியமாக விலை பேசலாம்.

ஒலிக் குமிழை மெதுவாக முழுதும் திருப்புங்கள். கரகர சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், காண்டாக்ட் கிளீனர் (மின் தொடுபகுதிகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்தால் பெரும்பாலும் போய்விடும். பேலன்ஸ் குமிழை இடமும் வலமும் திருப்பி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனியாகக் கேளுங்கள்.

ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் ஹெட்போன் பின்னைச் சொருகிச் சொருகி எடுங்கள். ஹெட்போன் போட்டால் ஸ்பீக்கரை நிறுத்தும் தொடுதட்டு அந்தத் துளைக்குள்தான் இருக்கிறது. அது அழுக்கேறி ஒரு ஸ்பீக்கரை அணைத்து வைத்திருப்பதைப் பல செட்டுகளில் பார்த்திருக்கிறேன். “ஒரு ஸ்பீக்கர் போச்சு” என்று குறைந்த விலையில் கிடக்கும் செட் சில நேரம் இந்த வகைதான்.

நிலையத்தைத் திருப்பும்போது முள் நகரவில்லை என்றால் உள்ளே இருக்கும் நூல் அறுந்தோ நழுவியோ இருக்கிறது. சரிசெய்யலாம், பொறுமை வேண்டும். மீடியம் வேவில் இரைச்சல் மட்டும் கேட்டால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடையின் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் அந்த இரைச்சலைக் கிளப்பும். வாசலுக்கு எடுத்துப் போய்க் கேளுங்கள்.

7. டேப் பகுதி: முதலில் கேசட் இல்லாமல்

கேசட் கதவைத் திறந்து, உள்ளே எதுவும் போடாமல் பிளேயை அமுக்குங்கள். டேப்பைச் சுற்றிக்கொள்ளும் சக்கரம் சீராகச் சுழல வேண்டும். ரப்பர் ரோலர் நகர்ந்து வந்து மெல்லிய எஃகுத் தண்டை ஒட்டிச் சுழல வேண்டும். சக்கரம் நின்றிருக்க தண்டு மட்டும் சுழன்றால், போட்ட கேசட்டின் டேப் வெளியே தள்ளப்பட்டு ரோலரில் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் முதல் சோதனை காலியாக.

சத்தம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். மோட்டார் ஓடும் ஓசை வருகிறது, எதுவும் சுழலவில்லை என்றால் பெல்ட் நீண்டுவிட்டது அல்லது உருகிவிட்டது. இந்தக் கோளாறு இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ரேடியோ பாடுகிறது, ஆனால் மோட்டார் ஓசையே இல்லை என்றால் மோட்டாரோ அதன் சுவிட்சோ காரணம். அதுவும் தீர்க்கக்கூடியதுதான், ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். பட்டனே கீழே இறங்கவில்லை, அல்லது இறங்கி நிற்கவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் உடைந்திருக்கலாம். முதல் செட்டாக அதை எடுக்காதீர்கள்.

டார்ச் அடித்து ஹெட்டைப் பாருங்கள். டேப் உரசும் இடம் பளபளப்பாக, சமமாக இருக்க வேண்டும். டேப்பின் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து ஓரத்தில் படி போல நின்றால் செட் நிறைய உழைத்திருக்கிறது, உயர்ந்த சுருதி ஒலிகள் மங்கிக் கேட்கும். பழுப்பு அழுக்கு மட்டும் என்றால் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம்.

இப்போது அந்தப் போனால் போகிற கேசட். இரண்டு நிமிடம் ஓடி, சுருட்டாமல் வெளியே வந்தால் இசைக் கேசட்டைப் போடுங்கள். சுரம் நடுங்கினால் ரோலரோ பெல்ட்டோ காரணம். எல்லாமே மெதுவாக, கனத்த குரலில் கேட்டால் பெல்ட் வழுக்குகிறது அல்லது மோட்டாரின் வேகத்தைத் திருத்த வேண்டும். கீச்சென்று கத்தினால் செட்டைக் குறை சொல்லும் முன் வேறு கேசட் போட்டுப் பாருங்கள், பழைய டேப்பே கத்துவது உண்டு. ரீவைண்டும் ஃபார்வேர்டும் கேசட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போகின்றனவா என்று பாருங்கள். கடைசிச் சுற்றுகளில் திணறினால் பெல்ட்டில் பிடிப்பு குறைந்திருக்கிறது.

பதிவுச் சோதனை கடைசியில். ஓரத்தின் சிறு பிளாஸ்டிக் தகடு உடைக்கப்பட்ட கேசட்டில் ரெக்கார்டு பட்டன் இறங்காது. அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். டேப்பில் ஊளைச் சத்தமோ ஒரு பக்கம் மட்டுமோ கேட்டால், பலகையில் உள்ள நீளமான ரெக்கார்டு சுவிட்சில் அழுக்கு இருக்கலாம். பதிவுக்கு அனுமதிக்கும் கேசட்டைப் போட்டு அந்தப் பட்டனைப் பத்து தடவை அமுக்கி விட்டால் ஒலி திரும்பி வருவது உண்டு. அப்படி வந்தால் கிளீனர் அடித்ததும் முழுதாகச் சரியாகும்.

8. வாக்மேன் வகை கண்ணில் பட்டால்

1979-ல் சோனி டிபிஎஸ்-எல்2 வந்ததிலிருந்து கையடக்கச் செட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. இவற்றில் ஹெட்போன் பின்னை மெல்ல அசைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் வந்து வந்து போனால் துளையின் பற்றவைப்பு (சால்டரிங்) விட்டிருக்கிறது. சின்ன வேலைதான்.

பேட்டரி மூடி இங்கே இன்னும் முக்கியம், ஏனென்றால் சிலவற்றில் மூடியிலேயே மின் தொடுதட்டு இருக்கும். சோனியின் டபிள்யூஎம்-டிடி வரிசையில் நடுவில் உள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விடுவது தெரிந்த குறை, ஓடும்போது சீரான இடைவெளியில் டிக் டிக் என்று கேட்கும். பெரிய செட்டைப் பிரித்துப் பழகாதவர்கள் இதைத் திறக்க அவசரப்பட வேண்டாம். திருகுகள் அரிசி அளவுக்குக்கூட இருக்காது.

9. விலை பேசுவது

சோதனை முடியும் வரை விலை கேட்காதீர்கள். கேட்டுவிட்டுச் சோதித்தால் ஒவ்வொரு குறையும் பேரமாகத் தெரியும், கடைக்காரர் பொறுமை இழப்பார். சோதித்து முடித்த பிறகு கண்ட குறைகளை அப்படியே சொல்லி, உங்கள் விலையை ஒரு தடவை சொல்லுங்கள். இல்லாத குறையைச் சேர்க்காதீர்கள். அடுத்த செட் வந்தால் உங்களுக்காக எடுத்து வைக்கப் போகிறவர் அவர்தான்.

இணையத்தில் விலை பார்ப்பதானால் கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்ற விலையைப் பாருங்கள். ஆசைக்குப் போட்ட விலை எத்தனை வருடமானாலும் அங்கேயே நிற்கும்.

10. வீட்டுக்கு வந்ததும்

உடனே சுவரில் சொருகி இரவு முழுதும் பாட விடாதீர்கள். முதலில் மின்கம்பியையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தைத் திறங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். குட்டையான இடத்தில் நீளமானதைத் திருகினால் முன்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

ஆல்கலைன் பேட்டரி கசிவை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடையுங்கள், கசிந்தது காரம் என்பதால் புளிப்பு அதை முறித்துவிடும். பிறகு தண்ணீர் தொட்ட துணி, பிறகு நன்றாக உலர்த்தல். ஹெட்டையும் எஃகுத் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உருகிய பெல்ட் தார் போல ஒட்டியிருந்தால் அதற்கும் அதே ஆல்கஹால்தான். துளி மிச்சமில்லாமல் எடுக்காவிட்டால் புது பெல்ட் வழுக்கும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைக் குமிழ்களுக்குள்ளோ ரப்பர் பக்கமோ கொண்டுபோகாதீர்கள்.

வெளியுடம்புக்குச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். தின்னர், ஆல்கஹால் பட்டால் அச்செழுத்துகள் துணியோடு வந்துவிடும். அந்த எழுத்துகளும் தொலைந்த பாகக் கணக்கில்தான் சேரும்.

செட்டை எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஸ்டாப்பை அமுக்கி, பிளே பட்டன் மேலே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிளே அமுங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ரப்பர் ரோலரில் தண்டு பதிந்து தழும்பு விழும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பாட்டு நடுங்கும்.